பற்றும் பேணலும்

உயிருள்ளவற்றிடம் நாம் கொள்ளும் ஈடுபாட்டுக்கு அன்பு என்று பெயரிட்டுப் போற்றுகிறோம். உயிரற்ற பொருள்களிடம் கொள்ளும் ஈடுபாட்டுக்குப் பற்று என்று பெயரிட்டு, அதனைக் களைய வேண்டும் என்கிறோம். சொல்லளவில் இப்பாகுபாடு தெளிவாகவே இருக்கிறது. வாழ்க்கையிலோ அவ்வளவு தெளிவாக இல்லை. தாயார் விட்டுச் சென்ற அரிவாள்மணையைக் கழித்துவிட மனம் வராத மகளை நாம் பழிப்பதில்லை. தந்தையாரின் மூக்குக்கண்ணாடியை மேசை இழுப்பறையில் வைத்திருக்கும் மகனை நகையாடுவதும் இல்லை. ஆனால் நாற்பது ஆண்டுப் பழைய காரை விற்க மாட்டேன் என்று ஒருவர் சொன்னால் நமக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. "பழுது பார்க்கிற பணத்தில் புதுவண்டியே வாங்கியிருக்கலாமே" என்று அவருக்கு அறிவுரை கூறவும் தொடங்கிவிடுகிறோம்.

இயந்திரத்தின்மீது பாசம் வைப்பது பேதைமையா? அன்றி, அது நன்றியின் ஒரு வடிவமா? அப்பாசத்துக்கு எல்லை உண்டா? இவ்வினாக்களை ஓய்வுநேரத்துச் சிந்தனையாக நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. விடை கூறியே ஆக வேண்டிய வினாக்களாக அவை எங்கள் வீட்டு வாயிலில் வந்து நின்றன.

மும்பை மாட்டுங்காவில் நாங்கள் நெடுங்காலம் குடியிருந்த மூன்றுமாடிக் கட்டடத்தை இடித்து, அவ்விடத்தில் அடுக்குமாடிக் கட்டடம் எழுப்புவதென்று முடிவாயிற்று. புதிய கட்டடத்தில் வீட்டுக்கு ஒரு கார் நிறுத்தத்தான் இடம் என்றார்கள். எங்களிடம் இரண்டு கார்கள் இருந்தன. ஒன்று, மகன் நாள்தோறும் அலுவலகத்துக்கு ஓட்டிச் செல்வது. மற்றொன்று, 1981-ஆம் ஆண்டு எங்கள் தந்தையார் வாங்கிய வெளிர்நீலப் பிரீமியர் பத்மினி. எதை வைத்துக்கொள்வது என்பதில் அறிவுக்கு ஐயம் இருக்கவில்லை. மனத்துக்கு இருந்தது.

குர்லாவில் பிறந்த வண்டி

பத்மினியைப் பற்றி இன்றைய இளைஞர்களுக்குச் சிறிது சொல்ல வேண்டும். வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் இத்தாலிய நாட்டு ஃபியட் கார்களை மும்பைக் குர்லாவில் செய்து வந்தது. 1964-இல் வந்த ஃபியட் 1100 டிலைட் என்ற வண்டியே பின்னர் 1974-இல் பத்மினி என்று பெயர் பெற்றது. பெயர் மாறினாலும் மக்கள் வாயில் அது ஃபியட்டாகவே இருந்தது. 1089 கன செ.மீ. கொள்ளளவுள்ள எஞ்சின். கியர்த்தண்டு தரையில் இல்லை. ஸ்டியரிங் சக்கரத்தின் அருகிலேயே இருந்தது. 2000-ஆம் ஆண்டை ஒட்டி அதன் உற்பத்தி நின்றது. தொழிற்சாலை இருந்த நிலத்தில் இன்று குடியிருப்புகளும் கடைகளும் நிற்கின்றன.

மாட்டுங்காவிலும் சயானிலும் செம்பூரிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இது அண்டைவீட்டுப் பெண்போன்ற வண்டி. கூப்பிடு தூரத்தில் பிறந்தது. ஆயினும் எளிதில் கைக்கு வருவதில்லை. பணத்தைக் கட்டிவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டிய காலம் அது. எங்கள் தந்தையார் 1976-இல் முன்பணம் கட்டினார். வண்டி 1981-இல் வந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் எங்கள் வீட்டில் நடந்த பேச்சுகளில் பாதி அவ்வண்டியைப் பற்றியவை. வந்த அன்று நான்கு சக்கரங்களின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, முதல் ஓட்டமாக மாட்டுங்கா ஆஸ்திக சமாஜக் கோயிலுக்குப் போய் வந்தோம். கொல்கத்தாவிலும் தில்லியிலும் வாழ்ந்த நம்மவர்களுக்கு அம்பாசடர் எப்படியோ, எங்களுக்குப் பத்மினி அப்படி.

குற்றம் அறிந்த பாசம்

பழைய காரை நேசிப்பவன் அதன் குறைகளை அறியாதவன் என்று எண்ணுவது தவறு. அவனைப்போல் அறிந்தவர் வேறு எவரும் இலர். மழைக்காலக் காலையில் சோக்கை இழுத்து, மூன்று நான்கு முறை முயன்று, எஞ்சின் உயிர் பெறும்வரை வீட்டார் அனைவரும் மூச்சை அடக்கிக்கொண்டிருப்போம். கோடையில் புனே செல்லும் வழியில் கண்டாலா மலையேற்றத்தில் வண்டி திடீரென்று நின்றுவிடும். வெப்பத்தால் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிப் பம்ப் வேலைசெய்யாமற் போவதே காரணம். பானெட்டைத் திறந்து, பெட்ரோல் பம்பின்மீது ஈரத்துணியைச் சுற்றிவிட்டு, சாலையோரக் கல்லில் அமர்ந்து காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புகளுக்கென்றே அம்மா புளியோதரைப் பொட்டலம் கட்டி எடுத்து வருவார். மலையை நோக்கி அமர்ந்து நாங்கள் உண்ட அச்சோற்றின் சுவை, குறித்த நேரத்தில் ஊர் போய்ச் சேர்ந்த எந்தப் பயணத்திலும் கிடைத்ததில்லை.

இங்கே ஓர் உண்மை புலப்படுகிறது. குறையே இல்லாத பொருள் நம்மிடம் எதையும் கேட்பதில்லை. ஆகவே அதனோடு நமக்கு உறவு உண்டாவதில்லை. மகனின் புதிய காரின் பானெட்டை அவன் ஆண்டுக்கு ஒருமுறைகூடத் திறப்பதில்லை. திறந்தாலும் உள்ளே பிளாஸ்டிக் மூடிதான் தெரிகிறது. அது நல்ல வண்டி. நம்பிக்கையோடு ஏறி அமரலாம். ஆனால் அது ஒருநாள் வேறொன்றாக மாற்றப்பட்டால் அவன் கண் கலங்கப் போவதில்லை. பழைய வண்டியோ நம் நேரத்தையும் பொறுமையையும் கைத்திறனையும் கேட்டு வாங்கிக்கொள்கிறது. நாம் கொடுத்தவை அதற்குள் இருக்கின்றன. அதனால்தான் அது நம்முடையதாகிறது.

புலம்பெயர்ந்து வாழ்வோருக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஊரில் இருப்பவர்களுக்கு நினைவைத் தாங்கிநிற்கப் பூர்வீக வீடு இருக்கிறது. கிணறும் வேப்பமரமும் திண்ணையும் இருக்கின்றன. பிழைப்புக்காக வெளிமாநிலம் வந்தவர்கள் அவற்றைக் கையில் எடுத்துவர இயலாது. வாடகை வீடுகள் மாறிக்கொண்டே இருக்கும். மாறாமல் உடன்வருபவை சில பாத்திரங்களும், ஒரு சுவாமி படமும், பெட்டியொன்றுமே. எங்களுக்கு அவற்றோடு இந்தக் காரும் சேர்ந்துகொண்டது. தங்கையைப் பிரசவத்துக்கு அழைத்துச் சென்றதும் அதில்தான். பிறந்த குழந்தையோடு திரும்பியதும் அதில்தான். தந்தையாரை இறுதியாக மருத்துவமனைக்கு அழைத்துப் போனதும் அதன் பின்னிருக்கையில்தான். திண்ணை இல்லாத குடும்பத்துக்கு அந்த இருக்கையே திண்ணையாக இருந்தது.

பொருளுக்கு நன்றி உண்டா?

"இவையெல்லாம் சரி. ஆனால் நம் முன்னோர் பற்றை விடச் சொன்னார்களே" என்று கேட்கலாம். உண்மைதான். திருக்குறளில் துறவுக்கென்று ஓர் அதிகாரம் உண்டு. அவாவை அறுப்பதற்கென்று மற்றோர் அதிகாரம் உண்டு. ஆனால் அதே நூல், அவற்றுக்கு நெடுந்தொலைவு முன்னதாகவே, இல்லறத்தில் நிற்பவனுக்குச் செய்ந்நன்றியறிதலை ஓர் அதிகாரமாக வைத்திருக்கிறது. துறவும் நன்றியும் பகைகளாக இருந்திருந்தால் ஒரே நூலில் இரண்டுக்கும் இடம் இருந்திராது. விடவேண்டியது எது, மறக்கக் கூடாதது எது என்பதைப் பிரித்தறிவதே நம் வேலை.

இரும்புக்கும் தகரத்துக்கும் நன்றி காட்டுவது பொருந்துமா என்பது அடுத்த கேள்வி. அவ்விரும்புக்கு நாம் செலுத்துவது தெரியாது; தெரியப் போவதும் இல்லை. ஆனால் அவ்விரும்பின் பின்னால் கைகள் இருக்கின்றன. குர்லாத் தொழிற்சாலையில் அதனைப் பூட்டியவர்களின் கைகள். சிறுகச் சிறுகச் சேமித்து முன்பணம் கட்டியவரின் கை. முப்பது ஆண்டுகள் அதன் பழுதை நீக்கியவர்களின் கைகள். ஆயுதபூசையன்று நாம் அரிவாளுக்கும் படிக்கும் தையல் இயந்திரத்துக்கும் பொட்டு வைப்பது அவற்றுக்குச் செவி உண்டு என்று எண்ணியா? நம் உழைப்புக்குத் துணைநின்ற உழைப்பை ஆண்டுக்கு ஒருநாள் நினைத்துப் பார்க்கிறோம். பொருள் ஒரு வாயில். நன்றி அவ்வாயிலின் வழியே மனிதர்களிடம் போய்ச் சேருகிறது.

ஆழித்தேர் கூறும் விடை

இன்னொரு சிக்கலும் உண்டு. எங்கள் பத்மினியில் 1981-ஆம் ஆண்டுப் பகுதிகளாக எஞ்சியவை எவை? டயர்கள் எத்தனையோ முறை மாறிவிட்டன. கிளட்ச், ரேடியேட்டர், சைலன்சர், கம்பிகள், இருக்கைத் துணி யாவும் மாறிவிட்டன. குர்லா சி.எஸ்.டி. சாலையில் உள்ள பழைய உதிரிபாகக் கடைகளில் தேடியெடுத்து, வேறொரு வண்டியின் கதவைக்கூட ஒருமுறை மாட்டினோம். 2000-ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் நிறுத்தப்பட்டபோது, ஈயத்தின் துணையில்லாமல் வால்வு இருக்கைகள் தேய்ந்துபோகும் என்றார்கள். பின்னர் அவற்றையும் கடினமான உலோகத்தில் செய்து மாற்றினோம். இவ்வளவும் மாறிய பின், "அப்பாவின் கார்" என்று நாங்கள் சொல்வது எதனை?

பழைய வினாதான் இது. மிலிந்தன் என்னும் கிரேக்க அரசனுக்கும் நாகசேனர் என்னும் பௌத்தத் துறவிக்கும் நடந்ததாகப் பாலிமொழி நூலொன்று கூறும் உரையாடலில் இது வருகிறது. சக்கரம் தேராகுமா, அச்சு தேராகுமா, நுகம் தேராகுமா என்று துறவி ஒவ்வொன்றாகக் கேட்கிறார். எதுவும் தேராகாது என்று அரசன் ஒப்புக்கொள்கிறான். அப்படியானால் தேர் என்பது இவையெல்லாம் சேர்ந்த நிலைக்கு நாம் இட்ட பெயரே என்பது அங்கே பெறப்படும் முடிபு.

தமிழன் இவ்வினாவுக்கு ஏட்டில் அன்றி வீதியில் விடை கண்டிருக்கிறான். திருவாரூர் ஆழித்தேரை எண்ணிப் பாருங்கள். பழைய தேர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எரிந்துபோயிற்று. அதன்பின் செய்த தேருக்கும் பிற்காலத்தில் திருச்சி பெல் நிறுவனத்தார் இரும்புச் சக்கரங்களையும் நீரழுத்தத் தடைக்கருவியையும் பொருத்தினார்கள். அப்பர் காலத்துத் தேரின் ஓர் ஆணிகூட அதில் இருக்க இயலாது. ஆயினும் வடம் பிடிக்கும் ஆயிரக்கணக்கானோரில் ஒருவரேனும் "இது வேறு தேர்" என்று சொல்வதுண்டா? மரம் மாறியது, சக்கரம் மாறியது, இழுக்கும் கைகள் தலைமுறை தலைமுறையாக மாறின. இழுப்பது மட்டும் தொடர்ந்தது. இடையில் சில காலம் நின்றாலும் மீண்டும் தொடங்கியது. தேர் ஆழித்தேராகவே இருப்பது அந்தத் தொடர்ச்சியால்தான். ஒரு பொருளை அப்பொருளாகவே வைத்திருப்பது அதன் மூலப்பகுதிகள் அல்ல; அதனைப் பேணும் செயல் அறுபடாமல் இருப்பதே.

ஊக்கம் எங்கிருந்து வருகிறது?

அறுபடாமல் என்று எழுதிவிட்டோம். எங்கள் வாழ்வில் அது அறுபட்டதும் உண்டு. தந்தையார் 2003-இல் மறைந்தார். அதன்பின் அவர் வண்டியை அவர் விட்டுச் சென்றபடியே வைத்திருப்பதுதான் மரியாதை என்று எண்ணினோம். தார்ப்பாய் போட்டு மூடினோம். வெள்ளிக்கிழமை தோறும் பூ வைத்தோம். ஓட்டவில்லை. இரண்டு ஆண்டுகளில் நேர்ந்தது என்ன? டயர்கள் ஒரே பக்கத்தில் பாரம் தாங்கி அமுங்கின. கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாக உறைந்தது. பிரேக் உருளைகள் துருவேறின. எலிகள் கம்பிகளைக் கடித்தன. வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் முதலில் துயரமும், பிறகு குற்ற உணர்வும், கடைசியில் சலிப்புமே உண்டாயின. பக்தி இருந்த இடத்தில் பராமரிப்பு இல்லை; ஆகவே பக்தியும் வற்றிப்போயிற்று.

அந்நிலையில் 2005-ஆம் ஆண்டு சூலை 26-ஆம் நாள் வந்தது. சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவான அந்நாளை மும்பைவாசிகள் மறக்க மாட்டார்கள். எங்கள் கட்டட வளாகத்தில் இருக்கை உயரத்துக்கு மேல் நீர் நின்றது. வடிந்தபின் பார்த்தால், எஞ்சின் எண்ணெய் பால் கலந்த தேநீர்போல் இருந்தது. பழைய இரும்பு எடுப்பவர் தாமே வந்து விலை கேட்டார். கொடுத்துவிடலாம் என்றே தோன்றியது.

நெல்லைச் சீமையிலிருந்து வந்து தாராவியில் பட்டறை வைத்திருந்த ஒருவர் எங்கள் வண்டியைத் தொடக்கமுதல் கவனித்து வந்தவர். அவரை அண்ணாச்சி என்றே அழைப்போம். அவ்வெள்ளத்தில் அவர் பட்டறையும் மூழ்கித்தான் இருந்தது. ஆயினும் வந்தார். எண்ணெயை வடித்தார், பிளக்குகளைக் கழற்றி உருளைகளுக்குள் டீசலை ஊற்றினார், இறுகிவிடாதபடி எஞ்சினை நாள்தோறும் கையாலேயே சுற்றிவிட்டார். பத்து வயதுள்ள அவர் மகன் பானெட்டின் மேல் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பான். மூன்று வாரங்களுக்குப் பின் வண்டி இருமியது, புகைத்தது, பிறகு ஓடியது. கூலி வாங்கிக்கொண்டு புறப்படும்போது அவர் சொன்னார்: "வித்துரணும்னா வித்துருங்க சார். வச்சுக்கிடணும்னா ஓட்டுங்க. சும்மா நிப்பாட்டி வச்சுக் கும்பிட்டுக்கிட்டு இருந்தா வண்டியும் கெட்டுப்போகும், மனசும் கெட்டுப்போகும்."

இதைவிடத் தெளிவான அறவுரையை நாங்கள் கேட்டதில்லை. ஊக்கம் இருந்தால் பேணலாம் என்று நாம் நினைக்கிறோம். உண்மை நேர்மாறானது. பேணினால் ஊக்கம் வரும். ஞாயிறுதோறும் வண்டியைக் கழுவி, எண்ணெய் அளவு பார்த்து, மாதம் ஒருமுறை பாயிண்டைத் தேய்த்து இடைவெளி சரிசெய்து, வாரத்தில் ஒருநாளேனும் ஓட்டிவருவது என்று வைத்துக்கொண்டோம். முதல் சில வாரங்கள் கடமையாக இருந்தது. பிறகு ஒரு நாள், அடுத்த ஞாயிறு எப்போது வரும் என்று எண்ணுவதைக் கண்டு நாங்களே வியந்தோம். அண்மைக் காலத்தில் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கப்பட்டபோது, பழைய ரப்பர்க் குழாய்களை அது அரித்துவிடும் என்று அறிந்து, அவற்றை ஏற்ற வகையில் மாற்றினோம். காலம் மாறும்போது அதற்கேற்பப் பொருளை ஆயத்தப்படுத்துவதும் பேணலில் ஒரு பகுதியே.

மொழிக்கும் இது பொருந்தும். வெளிமாநிலத்தில் தமிழை ஆண்டுக்கு ஒருமுறை மேடையில் ஏற்றி மாலையிட்டு வணங்கிவிட்டு, வீட்டில் பிள்ளைகளோடு பேசாமல் இருந்தால், அது தார்ப்பாய்க்குள் நிற்கும் வண்டியாகிவிடும். தடுக்கித் தடுக்கியேனும் நாள்தோறும் பேசப்படும் தமிழே ஓடுகிற தமிழ். அதில் அயற்சொற்கள் சில புகுந்திருக்கலாம். ஓசை சிறிது மாறியிருக்கலாம். அஞ்ச வேண்டுவதில்லை. நின்றுபோவதற்குத்தான் அஞ்ச வேண்டும்.

பாசத்தின் எல்லை

பேணல் நல்லது என்பதனால் எல்லாப் பாசமும் நல்லதாகிவிடாது. முதலாவதாக, நம் பாசத்தின் விலையைப் பிறர் கொடுக்கலாகாது. கார்புரேட்டர் வைத்த பழைய எஞ்சினில் புகையைத் தூய்மைப்படுத்தும் கருவி இல்லை. எரியாத பெட்ரோலும் கார்பன் மோனாக்சைடும் புதிய வண்டியைக் காட்டிலும் மிகுதியாக வெளிவரும். அதை நாள்தோறும் நெரிசலில் ஓட்டிக்கொண்டு, "இது எங்கள் அப்பாவின் வண்டி" என்றால், பக்கத்தில் பள்ளிக்கு நடந்து செல்லும் குழந்தையின் நுரையீரலுக்கு அது விடையாகாது. மும்பையில் 20 ஆண்டு வரம்பின்படி கடைசிப் பத்மினி டாக்சி 2023-ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் ஓய்வு பெற்றது. தலைநகர் தில்லி வட்டாரத்தில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் ஓடலாகாது என்று 2018-இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. 2025-இல் அவ்வரம்பு மீண்டும் விவாதத்துக்கு வந்தது. இத்தகைய விதிகளின் நுணுக்கங்களில் கருத்து வேறுபடலாம். அவற்றின் பின்னுள்ள நியாயத்தை மறுக்க இயலாது.

இரண்டாவதாக, பாசம் பெருமையாகத் திரிந்துவிடக் கூடாது. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகப் பதிவு செய்ய 2021-இல் நடுவண் அரசு விதி வகுத்தது. அவ்வாறு பதிவான வண்டிகளைக் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் எடுத்துச் செல்லலாம், அன்றாடம் ஓட்டலாகாது. எங்கள் வண்டிக்கு அத்தகுதி 2031-இல்தான் வரும். "இன்னும் சில ஆண்டுகள் வைத்திருங்கள், விலை ஏறும்" என்று நண்பர் சிலர் கூறினர். அந்தச் சொல்லைக் கேட்ட நாள்முதல் நாங்கள் வண்டியைப் பார்த்த பார்வையே சில வாரங்களுக்கு மாறிவிட்டது. கீறல் விழுந்தால் முன்பு வருந்தியது வண்டிக்காக. அப்போது வருந்தியது விலைக்காக. அன்பு எப்போது பேராசையாகிறது என்பதை இப்படித்தான் அறிந்தோம்.

மூன்றாவதே கடினமானது. நம்மால் பேண இயலாத நிலை வந்தபின்னும் பிடித்துக்கொண்டிருப்பது பேணல் ஆகாது. கண்பார்வை மங்குகிறது, குனிந்து எழுந்தால் இடுப்பு வலிக்கிறது, மகனுக்கு நேரமும் இல்லை, நாட்டமும் இல்லை. நாட்டமில்லாதவன்மீது நம் பாசத்தைச் சுமத்துவது முறையன்று. அவன் பாசம் வேறு எதன்மீதோ இருக்கும். அதை அவன் பேணட்டும்.

தேர் கொடுத்தவன்

பறம்புமலைப் பாரி முல்லைக்கொடிக்குத் தேர் ஈந்த செய்தியைச் சிறுவயது முதல் நாம் கேட்டு வருகிறோம். அதனை வள்ளன்மைக்குச் சான்றாகக் கூறுவர். எங்களுக்கு இப்போது வேறொன்றும் தோன்றுகிறது. பாரி அத்தேரை வெறுத்துக் கொடுக்கவில்லை. பயனற்றது என்று கழிக்கவும் இல்லை. தன்னைவிட அதற்குத் தேவையுடைய ஒன்றைக் கண்டான், கொடுத்தான். கொழுகொம்பு இல்லாமல் தவித்த கொடிக்கு அது கொழுகொம்பாயிற்று. ஒரு பொருளுக்கு நாம் செய்யக்கூடிய கடைசிப் பேணல், அதற்கு உரியவரைக் கண்டுபிடிப்பதே போலும்.

உரியவர் தொலைவில் இல்லை. அன்று விளக்குப் பிடித்து நின்ற சிறுவன் இன்று தந்தையின் பட்டறையை நடத்துகிறான். அண்ணாச்சி இப்போது இல்லை. "வண்டிய எடுத்துக்கிடுதியா தம்பி?" என்று, அவன் தந்தையின் பேச்சு வழக்கிலேயே கேட்டோம். அவன் சிறிதுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பானெட்டைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டு நின்றான். விலை பேசவில்லை. வெற்றிலை பாக்கு வைத்துச் சாவியைக் கொடுத்தோம். பெயர் மாற்றத்துக்கான தாள்களில் கையொப்பம் இட்டோம். நிபந்தனை எதுவும் விதிக்கவில்லை. விதிக்க ஆசை இருந்தது. "நிறத்தை மட்டும் மாற்றிவிடாதே" என்று சொல்ல நா எழுந்தது; அடக்கிக்கொண்டோம். கயிறு கட்டிக் கொடுப்பது கொடை ஆகாது அன்றோ?

மூன்று மாதங்களுக்குப் பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒலிப்பான் கேட்டது. எங்களுக்குப் பழகிய ஒலிதான். இறங்கிப் போய்ப் பார்த்தோம். வண்டியின் வெளிர்நீலம் போய்விட்டிருந்தது. சந்தன நிறம் பூசியிருந்தான். ஒரு கணம் நெஞ்சில் ஏதோ அறுந்தாற்போல் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. அவன் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "அடியில தகரம் பூரா துரு சார். சுரண்டி எடுத்துட்டுத்தான் பெயிண்ட் அடிச்சேன். இல்லன்னா இன்னும் ரெண்டு மழைக்குத் தாங்காது" என்றான். நாங்கள் ஆண்டுக்கணக்கில் கழுவித் துடைத்த நீலத்தின் அடியிலேயே துரு வளர்ந்திருக்கிறது; நிறத்தின்மேல் வைத்த பாசத்தால் அதைச் சுரண்டிப் பார்க்காமலே இருந்துவிட்டோம்.

கதவைத் திறந்து, "உக்காருங்க சார், ஒரு சுத்துப் போயிட்டு வரலாம்" என்றான். பின்னிருக்கையில் அமர்ந்தோம். தந்தையார் அமர்ந்து சென்ற இடம் அது. சாவியைத் திருப்பினான். முதல் முயற்சியிலேயே எஞ்சின் எழுந்தது. எங்களிடம் இருந்தபோது அது அப்படி எழுந்ததே இல்லை. வண்டி கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி வந்தது. அதன் சாவி இனி எங்கள் வீட்டு ஆணியில் தொங்காது. ஆனால் அது ஓடிக்கொண்டிருக்கிறது.